அம்மாவின் மறதிக்கு நார்ச்சத்து மா வாங்குவதா, சாப்பாட்டை மாற்றுவதா?

பாலையூற்று மகள்:

வணக்கம். நான் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறேன், அம்மா என்னோடுதான். அவருக்கு 74 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் கனகாலமாக இருக்கிறது, மாதாமாதம் கிளினிக் போய்க் குளிசை எடுத்து வருவோம். இப்போது சில மாதமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. சொதியை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனால் அதோடு மறந்துவிடுகிறார். காலையில் வந்துபோன ஆளைப் பற்றிப் பின்னேரம் கேட்டால் யாரும் வரவில்லை என்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமையில் பத்திரகாளி கோவிலுக்குப் போகிற வழி, அங்கே பார்க்கிற ஆட்களின் பேர், பழைய கதைகள் எல்லாம் ஒன்றும் பிசகவில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். லண்டனில் வயதான ஆட்களுக்கு ஏதோ நார்ச்சத்து மாவைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்களாம், பன்னிரண்டு கிழமையில் ஞாபகசக்தி கூடிவிட்டதாம், மறதி வருத்தத்துக்கு இனி இதுதான் மருந்தாம். அந்த மா இங்கே எடுப்பிக்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அண்ணா தானே வாங்கி அனுப்புகிறேன் என்கிறார், சரி, ஆனால் கொடுக்கப்போவது நான், நல்லதோ கெட்டதோ பக்கத்தில் இருந்து பார்க்கப்போவதும் நான்தானே.

அம்மாவின் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கோதுமை மாப் பிட்டு அல்லது பாண், பத்து மணிக்குத் தேத்தண்ணியும் விசுக்கோத்தும், மத்தியானம் வெள்ளைச் சோறு, மீன், ஒரு கறி, இரவைக்குத் திரும்பவும் பாண் அல்லது இடியப்பம். பல் கொஞ்சந்தான் மிச்சம், அதனால் கடலை, கீரை எல்லாம் கோப்பையின் ஓரத்துக்குப் போய்விடும். மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வயிற்றால் போகிறது, அதையும் நான் கேட்டால்தான் சொல்வார்.

அந்த மாவில் உண்மை இருக்கிறதா? இல்லை, நம்முடைய சாப்பாட்டிலேயே அது கிடைக்குமா? பல் இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

உவர்மலை போசாக்கு:

தங்கச்சி, நான் போசாக்கு படித்து அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன், அதனால் ஆய்வுப் பக்கத்தைச் சொல்கிறேன், சமையல் பக்கத்துக்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அந்தக் குரல் பதிவில் வருவது உண்மையான ஆய்வுதான். லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் செய்தது, 2024இல் வெளிவந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட இரட்டையர்கள் 36 சோடியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்கு இன்யுலினும் (சீனிக்குப் போடுகிற இன்சுலின் இல்லை) அதுபோன்ற இன்னொரு நார்ச்சத்தும் கலந்த மா, மற்றவருக்கு ஒன்றும் செய்யாத போலி மா, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் புரதமும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் முக்கியமாகப் பார்க்க நினைத்தது தசைப் பலத்தை. தசையில் ஒரு வித்தியாசமும் வரவில்லை. ஆனால் நார்ச்சத்து எடுத்தவர்கள் ஞாபகப் பரீட்சையில் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள், அவர்களுடைய குடலில் பிஃபிடோ என்கிற நல்ல பக்டீரியாவும் கூடியிருந்தது.

இதில் குரல் பதிவு சொல்லாமல் விட்டது என்ன என்றால், அந்த 72 பேரும் மறதி வருத்தக்காரர்கள் இல்லை, சுகமாக நடமாடித் திரிகிறவர்கள். பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் அதில் இல்லை. ஒரு பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் புள்ளி எடுப்பது வேறு, சொதியை அடுப்பில் மறக்காமல் இருப்பது வேறு. ஆகவே நம்பிக்கை தருகிற ஒரு தொடக்கம் என்று சொல்லலாம், மருந்து என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஜப்பானில் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும். 40 முதல் 64 வயது வரையான 3739 பேரிடம் 1985 தொடக்கம் 1999 வரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிவைத்துவிட்டு, 2020 வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 670 பேருக்கு, பிறர் பராமரிக்கவேண்டிய அளவுக்கு மறதி வருத்தம் வந்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அது வருகிற வாய்ப்புக் குறைவாக இருந்தது, அதிலும் தண்ணீரில் கரைகிற நார்ச்சத்து, அதாவது பயறு, பருப்பு, ஓட்ஸ் போன்றவற்றில் இருக்கிற வழுவழுப்பான வகை, இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இதுவும் காரணத்தை நிரூபிக்காது. மரக்கறி நிறையச் சாப்பிடுகிறவர் நடக்கவும் செய்வார், புகையும் பிடிக்கமாட்டார். கணக்குப் போட்டு அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் முழுவதும் கழிபடாது.

எப்படி வேலை செய்யக்கூடும் என்று கேட்டால்: நார்ச்சத்து நமக்குச் சமிக்காது, பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்கே இருக்கிற பக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட், அசிட்டேட் போன்ற சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்கும். பியூட்டிரேட்தான் குடல் சுவரில் இருக்கிற கலங்களுக்கு முக்கிய எரிபொருள். சுவர் உறுதியாக இருந்தால் கண்டதும் இரத்தத்தில் கசியாது, உடம்பு முழுக்க இருக்கிற மெல்லிய அழற்சி குறையும், மூளைக்கும் அது நல்லது என்பதுதான் யோசனை. வயதான எலிகளில் மூளைக்குள் இருக்கிற அழற்சி குறைந்ததைக் காட்டியும் இருக்கிறார்கள். மனிதரில் அந்தச் சங்கிலி முழுவதும் இன்னும் நிறுவப்படவில்லை.

இதைவிட உறுதியான ஒன்றைச் சொல்கிறேன், அம்மாவுக்கு அதுதான் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் கேட்டு, 2019இல் லான்செட் என்கிற மருத்துவச் சஞ்சிகையில் வந்த மிகப் பெரிய தொகுப்பு ஒன்றில், 185 தொடர் ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நார்ச்சத்து நன்றாக எடுப்பவர்களுக்கு சீனி வருத்தம், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் குறைவு, நாளுக்கு 25 முதல் 29 கிராம் வரை என்றால் நல்லது என்று கண்டார்கள். சீனியும் பிரஷரும் மூளையின் சின்ன இரத்தக்குழாய்களைக் கெடுப்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். ஆகவே குடல் பக்டீரியாக் கதை நாளைக்குப் பிழையென்று வந்தாலும், இந்த வழியால் நார்ச்சத்து அம்மாவின் தலைக்கு உதவக்கூடும்.

இனி அம்மாவின் கோப்பையைப் பாருங்கள். வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரைக் கிராம்கூட இல்லை. பாண் 100 கிராமில் இரண்டரை அளவில். விசுக்கோத்தில் பேருக்கு. நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் பத்துக் கிராம் தேறுமா என்பது சந்தேகம். அவித்த பயறு, கடலை, பருப்பு இவற்றில் 100 கிராமுக்கு ஏழரை வரும், அவித்த கௌப்பியில் ஆறரை, கொய்யாவில் ஐந்துக்கு மேல். ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய அவித்த பயறு கொடுத்தால், அவர் முழு நாளில் எடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக ஒரே நேரத்தில் போய்விடும். அதற்கு ஏன் டின்னில் வருகிற அந்த மா?

அந்த மாவில் இருக்கிற இன்யுலினும் எங்கேயோ இருந்து வருவதில்லை. பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுப்பார்கள், நம்முடைய சின்ன வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எல்லாவற்றிலும் அதே வகை நார்ச்சத்து இருக்கிறது. பழஞ்சோற்றுக்கு வெங்காயம் கடிக்கிற பழக்கம் நல்ல பழக்கம்.

நிலாவெளி ரவி:

மேலே எழுதியவர் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை, ஆனால் நான் இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன். உணவை வைத்து மூளையைக் காப்பாற்றலாம் என்று எத்தனையோ ஆய்வு வந்தது. மைண்ட் உணவுமுறை என்று ஒன்று, கீரை, பருப்பு, கொட்டை வகை, முழுத் தானியம் எல்லாம் இருக்கிற நல்ல சாப்பாடு, தொடர் ஆய்வுகளில் பிரமாதமாக இருந்தது. பிறகு 604 பேரை இரண்டாகப் பிரித்து மூன்று வருஷம் பரிசோதித்து 2023இல் முடிவைச் சொன்னார்கள், மற்றப் பகுதியோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் 2015இல் வந்த ஃபிங்கர் ஆய்வில் பலன் தெரிந்தது, ஆனால் அதில் சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் கட்டுப்பாடு எல்லாமே சேர்ந்திருந்தது. தனியாக ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு இதுதான் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது என்பதைத்தான் இவை இரண்டும் காட்டுகின்றன.

சகோதரி, எனக்குப் பயமாக இருப்பது வேறு விஷயம். டின் வரும் வரை பார்ப்போம், வந்த பிறகு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் அரை வருஷம் போய்விடும். முதலில் மறதியை டொக்டரிடம் காட்டுங்கள். வயது போனால் மறதி வரும்தானே என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடவேண்டாம்.

தாதி அம்மா:

பிள்ளை, நான் வார்ட்டில் வேலைசெய்து பென்ஷன் எடுத்தவள். ரவி தம்பி சொன்னது முற்றிலும் சரி. நான் இன்னும் விபரமாகச் சொல்கிறேன், நிதானமாக வாசியுங்கள்.

மறதியையும் மலச்சிக்கலையும் நீங்கள் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவரக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. முதலாவது குளிசை. தடிமனுக்கும் தோல் கடிக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் நித்திரைக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், அடிக்கடி சலம் போவதற்குக் கொடுக்கிற ஒக்சிபியுட்டினின், இவையெல்லாம் குடலின் அசைவை மந்தமாக்கும், வாயை வறளவைக்கும், வயதானவர்களின் தலையையும் குழப்பும். இளம் ஆட்கள் போட்டால் நித்திரை தூங்கும், அவ்வளவுதான். எழுபது தாண்டினவர்களுக்கு அதே குளிசை ஆளையே மாற்றிவிடும். டொக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தவேண்டாம், இது வேண்டுமா, வேறு ஏதும் மாற்றலாமா என்று கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்குவதைத் தாராளமாக நிறுத்தலாம்.

இரண்டாவது தைரொயிட். அது குறைந்தால் மறதியும் வரும், மலச்சிக்கலும் வரும், குளிரும், ஆள் சோர்ந்துபோவார். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்றாவது பி12. சீனிக்கு மெட்ஃபோர்மின் வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு அது குறையலாம், பி12 குறைந்தால் மறதி, கால் விறைப்பு, தள்ளாட்டம் எல்லாம் வரும், திரும்பக் கொடுத்தால் நேரத்தோடு பிடித்திருந்தால் நன்றாகத் தேறும். நாலாவது மனச்சோர்வு. பேசாமல் இருக்கிறார், விருப்பமில்லாமல் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் மலச்சிக்கல் தனியாகவே செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. வார்ட்டில் நல்ல தெளிவாக இருந்த கிழவி திடீரென்று இரவில் எழும்பி நின்று, செத்துப்போன புருஷனைக் கூப்பிடுவார், ஊசியை இழுப்பார். சொந்தக்காரர் பயந்து அழுவார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது சலக்கிருமி இருக்கிறதா, சலம் அடைத்திருக்கிறதா, வயிறு இறுகியிருக்கிறதா, தண்ணீர் குடித்தாரா என்பதைத்தான். வயிற்றைச் சுத்தப்படுத்திச் சேலைன் ஏற்றியதும் மறுநாள் பேரப்பிள்ளையின் பேரைச் சரியாகச் சொன்னவர்கள் உண்டு. இது திடீரென்று வருகிற குழப்பம், உங்கள் அம்மாவுடையது மெல்ல வந்த மறதி, இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் போவதைச் சும்மா விடக்கூடாது.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டவேண்டாம். இன்றைக்குப் பாண், நாளைக்குக் கடலை, கீரை, குரக்கன் எல்லாம் என்று போனால் வயிறு ஊதி, வாயு ஏறி, அம்மா இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம் போதும். தண்ணீர் கட்டாயம் கூடவேண்டும், தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்து மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, நம்முடைய வெயிலில் சொல்லவே தேவையில்லை. ஆனால் இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டவேண்டாம். சிறுநீரக ரிப்போட் சரியில்லை என்றால் கீரை, பழம், கடலை கூட்டுவதற்கு முன்னும் கேட்கவேண்டும், பொட்டாசியம் ஏறிவிடும்.

தம்பலகாமம் வயல்:

அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். வெள்ளைச் சோற்றை விட்டுச் சிவப்பரிசிக்கு வாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கடையில் சிவப்பரிசி என்று வாங்குவதிலும் நன்றாகத் தீட்டியது உண்டு. சிவப்பு இருப்பது மேல்தோலில். மில்லில் கூடத் தீட்டத் தீட்ட அந்தத் தோல் தவிட்டோடு போய்விடும், அரிசி வெளிறிப்போய்ச் சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சும். கையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், அரிசி முழுக்கச் சிவப்பாக, தொட்டால் கொஞ்சம் மாப் படிகிற மாதிரி இருந்தால் தவிடு மிச்சம் இருக்கிறது. பளபளவென்று கோடு கோடாக இருந்தால் நார்ச்சத்து மாட்டுக்கும் கோழிக்கும் போய்விட்டது.

நம்முடைய பக்கம் பெரும்போகம் வெட்டியதும் தெரிந்த ஆட்களிடம் நெல்லாகவே வாங்கி, வேண்டிய நேரம் மில்லில் கொடுத்து, லேசாகத் தீட்டச் சொல்லி எடுக்கலாம். கனக்க எடுத்து வைக்கவேண்டாம், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் கொஞ்ச நாளில் சிக்கு மணம் வந்துவிடும். சமைக்கும்போது முதல் நாள் இரவே ஊறவைத்துத் தண்ணீர் கூட விட்டு நன்றாக வேகவிடுங்கள், அப்போதுதான் பல் இல்லாதவர் சாப்பிடுவார். தொடக்கத்தில் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. தவிடு கொஞ்சம் இருந்தாலும் அது சோறுதான், அளவைக் கூட்டினால் சீனி ஏறும்.

கிண்ணியா மகன்:

தங்கச்சி, உம்மாவின் காதைப் பார்த்தீர்களா? எங்கள் வாப்பாவுக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அவருக்குப் பாதிப் பேச்சு காதிலேயே விழவில்லை, கேளாததை எப்படி நினைவில் வைப்பார்? காதுக்கு மெசின் போட்ட பிறகு பள்ளிவாசலில் சொன்ன விஷயத்தை வந்து எங்களுக்குச் சொல்கிற ஆளாகிவிட்டார். 2024இல் லான்செட் ஆணைக்குழு ஒன்று, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைச் சரிப்படுத்தினால் மறதி வருத்தத்தில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று சொன்னது. அதில் காது கேளாமை, பார்வை மங்கல், பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், தனிமை எல்லாம் இருக்கின்றன. நார்ச்சத்து தனியாக அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் அது உதவும்தானே. கண்ணையும் ஒரு தரம் காட்டிவிடுங்கள்.

சாம்பல்தீவு சமையல்:

மகள், பல் இல்லாத அம்மாவுக்குக் கொடுப்பதைப் பற்றித்தானே கடைசியாகக் கேட்டீர்கள், அதை நான் சொல்கிறேன்.

கோதுமை மாப் பிட்டை விட்டுக் குரக்கன் பிட்டுக்கு வாருங்கள். தனிக் குரக்கன் மா என்றால் வரண்டு தொண்டையில் நிற்கும், வயதானவர்களுக்குப் புரையேறும். ஒரு பங்கு குரக்கன் மா, ஒரு பங்கு சிவப்பரிசி மா, இரண்டையும் லேசாக வறுத்து ஆறவிடுங்கள். உப்புத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் பிசறவேண்டும், கையில் பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், விட்டால் உதிரவேண்டும். கட்டி விழுந்தால் பரவாயில்லை, சுளகில் போட்டு ஒரு கோப்பையின் விளிம்பால் கொத்திவிடுங்கள். தேங்காய்ப்பூ கை நிறையப் போடுங்கள். தேங்காய்ப்பூவிலும் நல்ல நார்ச்சத்து உண்டு, பாலைப் பிழிந்துவிட்டுச் சக்கையை எறிந்தால் அது போய்விடும். கொலஸ்ட்ரோல் இருந்தால் அளவாக. இதற்குள் மெத்தென்று அவித்த பயறு ஒரு கை கலந்து நீத்துப்பெட்டியில் அவித்து, இறக்கிச் சூட்டோடு முருங்கை இலைச் சொதி விட்டுக் குழைத்துக் கொடுங்கள். முருங்கை இலையைக் காம்பில்லாமல் உருவிச் சின்னதாக அரிந்து போட்டால் பல்லில் மாட்டாது.

கடலையை ஒதுக்குகிறார் என்றால் தோலோடு மசித்துவிடுங்கள். ஊறவைத்து, விரலால் நசுக்கினால் நசியும் வரை அவித்து, உள்ளி, சீரகம், சின்ன வெங்காயம் தாளித்துக் கட்டியான கூட்டாகக் கொடுத்தால் பாணுக்கே நல்ல கறி. பத்து மணித் தேத்தண்ணிக்கு விசுக்கோத்துக்குப் பதிலாக ஒரு துண்டு பப்பாசிப்பழம், இல்லாவிட்டால் கனிந்த கொய்யாவைக் கரண்டியால் வழித்துக் கொட்டையை நீக்கிக் கொடுங்கள். காலையில் இலைக்கஞ்சி கொடுத்தாலும் நல்லது. வல்லாரை போட்டால் ஞாபகசக்தி வரும் என்று நம்முடைய ஆட்கள் சொல்வார்கள், அதைப் பற்றிப் படித்த ஆட்கள் சொல்லட்டும், சம்பல் போட்டால் ருசிதான்.

உவர்மலை போசாக்கு:

வல்லாரையை வைத்துச் செய்த பரிசோதனைகள் சிறியவை, ஞாபகசக்தி கூடியதாக அவை உறுதியாகக் காட்டவில்லை. கீரையாகச் சாப்பிடுவது நல்லது, சம்பலாகச் சாப்பிடட்டும், அதற்காகக் குளிசையாகவும் தூளாகவும் விற்பதை வாங்கவேண்டாம்.

பாலையூற்று மகள்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தாதி அம்மா சொன்னதை வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தேன். இரவில் கை கால் கடி என்று அம்மா அடிக்கடி போடுகிற சின்ன மஞ்சள் குளிசை குளோர்பெனிரமின்தான், பக்கத்துக் கடையில் அட்டையாக வாங்கி வைத்திருக்கிறார். மெட்ஃபோர்மினும் போடுகிறார், அதோடு சீனிக்குக் கிளிக்ளசைட் என்று இன்னொன்று. தைரொயிட்டுக்குத் தைரொக்சின் காலையில் வெறும் வயிற்றில்.

இன்னும் இரண்டு கேள்வி. பாமசியில் இசப்கோல் உமி மலிவாக இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? பிட்டு, சோறு எல்லாம் மாற்றினால் சீனிக் குளிசை அதே அளவில் போடலாமா?

தாதி அம்மா:

நல்ல கேள்வி கேட்டீர்கள் பிள்ளை, குறிப்பாக இரண்டாவது.

கிளிக்ளசைட் சீனியை நன்றாக இறக்கிவிடுகிற குளிசை. பாண், விசுக்கோத்து எல்லாவற்றையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, குளிசையை அப்படியே விட்டால் சீனி தேவைக்கு மேல் இறங்கலாம். வயதானவர்களில் அது எப்போதும் நடுக்கம், வியர்வை என்று வராது, பேந்தப் பேந்த முழிப்பது, சொன்னதையே சொல்வது, வழி மாறுவது என்றும் வரும், வீட்டில் அதை மறதி என்று நினைப்பார்கள். வீட்டில் சீனி பார்க்கிற மெசின் இருந்தால், அம்மா குழம்பியிருக்கிற நேரத்தில் ஒரு தரம் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சீனி கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, தேறியதும் சாப்பிடவைத்து, அந்த அளவை எழுதி வைத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டுங்கள். அறிவு மங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான். சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்பதை மாற்றுவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், அளவை அவர்கள் பார்ப்பார்கள்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு நல்லது, பழைய, நம்பிக்கையான சாமான். ஆனால் தண்ணீர் பட்டதும் அது பாயாசத்துச் சவ்வரிசி போல ஊதும். அம்மா சாப்பிடும்போது இருமுகிறவர், தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர் என்றால் கொடுக்கவே வேண்டாம். மற்றப்படி ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவைத்து, மேலே இன்னொரு கிளாஸ் தண்ணீர். படுக்கப்போகிற நேரம் வேண்டாம். தைரொக்சினோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குளிசை உடம்பில் சரியாகச் சேராது, நாலு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், அதனால் பின்னேரம்தான் வசதி. அண்ணா அந்த மாவை அனுப்பியேவிட்டால் அதற்கும் இதே இடைவெளிதான், டொக்டரிடம் டின்னைக் காட்டிய பிறகு, சின்ன அளவில்.

கடிக்குப் போடுகிற மஞ்சள் குளிசையை நிறுத்துங்கள், தோல் வரண்டிருந்தால் குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் பூசிப் பாருங்கள். குறையாவிட்டால் கடி எதனால் என்று காட்டவேண்டும், சிறுநீரகம் சரியில்லாவிட்டாலும் உடம்பு கடிக்கும்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா போடுகிற எல்லாவற்றையும், கடையில் வாங்கியது, சித்த வைத்தியரிடம் எடுத்த சூரணம், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள். தைரொயிட் அளவு எப்போது பார்த்தது, பி12 பார்க்கலாமா, சிறுநீரகம் எப்படி, இந்த மூன்றையும் கேளுங்கள். மறதியைப் பற்றிச் சொல்லும்போது பொதுவாக மறக்கிறார் என்று சொல்லாமல், எப்போது தொடங்கியது, அடுப்பு, வந்துபோன ஆள், பழைய நினைவு நன்றாக இருக்கிறது என்று இங்கே எழுதியதை அப்படியே ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், அவர்களுக்கு நேரம் குறைவு. பல் கிளினிக்குக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதுவரை அம்மா அடுப்படியில் நிற்கும்போது யாராவது கூட நில்லுங்கள்.

பாலையூற்று மகள்:

சரி அம்மா, வருகிற செவ்வாய் கிளினிக் இருக்கிறது, பையோடு போகிறேன். அண்ணாவிடம் டின் வேண்டாம், அந்தக் காசுக்குச் சீனி பார்க்கிற மெசினும் ஸ்ட்ரிப்பும் வாங்கித் தரச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். சாம்பல்தீவு அக்கா, பிட்டுக்கு வாங்கிய குரக்கன் மாப் பொதியில் கோதுமை மாவும் கலந்ததாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறது. தனிக் குரக்கன் மா டவுனில் எங்கே எடுக்கலாம்?

சாம்பல்தீவு சமையல்:

பொதியில் தேடவேண்டாம் மகள். சந்தையில் குரக்கனைத் தானியமாகவே வாங்கி, நன்றாக அரித்துக் கல் போக்கி, கழுவி வெயிலில் காயவைத்து மில்லில் கொடுங்கள். அரைக்கிற மெசினில் முதல் வருகிற மாவில் முந்தின ஆளுடைய மிளகாய்த்தூள் இருக்கும், அதை எடுத்துவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அரைத்த மாவை அரித்தெடுக்காமல் முழுதாக வைத்திருங்கள், மாவை அரித்தால் நார் அரிதட்டில் நின்றுவிடும்.